த்ராட்டில் கேபிள் ஏன் சுடுகிறது? வீட்டில் கட்டும் விமானங்களில் என்ஜின் எர்த்

விமானம் இன்னும் ஷெட்டை விட்டு நகரவே இல்லை. கட்டியவர் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடிக்கிறார். ப்ரொப்பெல்லர் சோம்பலாக அரைச் சுற்று சுற்றி நிற்கிறது. பேட்டரி இறங்கிவிட்டது போல என்று நினைத்து மறுபடியும் அடிக்கிறார். இந்த முறை பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. குனிந்து பேனலுக்கு அடியில் கையை விட்டால், என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கேபிள் சுடுகிறது.

பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் புதிது, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளும் புதிது. குறை இருப்பது திரும்பி வரும் வழியில். என்ஜினையும் பேட்டரியின் மைனஸ் முனையையும் இணைக்க வேண்டிய எர்த் பட்டையை மாட்ட மறந்திருப்பார், அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டியிருப்பார். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களிடையே இது பழைய கதை. நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அவரும் ஆச்சரியப்பட மாட்டார். பாடி எர்த் கழன்ற டிராக்டரில் ஆக்சிலேட்டர் கேபிள் புகைவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

எர்த் என்ற சொல்லே கொஞ்சம் திசைதிருப்பும் சொல். அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்பார்கள், அதுவும் மண்தான். எட்டாயிரம் அடி உயரத்தில் பறக்கும் வண்டிக்கு மண்ணோடு என்ன சம்பந்தம்? வீட்டில் உப்பும் கரியும் போட்டுப் புதைக்கும் எர்த் குழாயின் வேலை ஷாக் அடிக்காமல் காப்பது. விமானத்திலும் காரிலும் பைக்கிலும் எர்த் என்றால் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பிப் போகும் பாதை. பிளஸ் கேபிளில் 250 ஆம்பியர் போனால் அதே 250 ஆம்பியர் இந்தப் பாதையில் திரும்பி வந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் சர்க்யூட்டில் சரிபாதி இது. ஆனால் பிளஸ் பக்கத்துக்கு நிறம் பார்த்து, ஃப்யூஸ் பார்த்து, நாள் கணக்கில் உழைக்கிறவர்கள் மைனஸ் பக்கத்தை, எல்லாம் இரும்பும் அலுமினியமும்தானே, எப்படியும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, அதுதான் சிக்கல். சிறு விமானங்களில் அதிகம் பார்க்கக்கூடிய லைக்கமிங் ஓ-360 என்ஜினை எடுத்துக்கொள்வோம். நாலே சிலிண்டர், மொத்தம் 5.9 லிட்டர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவே நம் ஊர் சின்னக் கார் என்ஜின் முழுவதையும் மிஞ்சும். அது ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் குலுங்குகிற குலுக்கலை விமானத்தின் உடல் தாங்காது. அதனால் என்ஜினுக்கும் அதைத் தாங்கும் குழாய்ச் சட்டத்துக்கும் நடுவே கனமான ரப்பர் மெத்தைகள் இருக்கும். போல்ட் ஊடே போனாலும் அது ஒரு பக்கத்து உலோகத்தை மட்டுமே தொடும், மறுபக்கம் ரப்பர்தான். இயந்திரக் கணக்கில் என்ஜின் இறுக மாட்டப்பட்டிருக்கிறது. மின்சாரக் கணக்கில் அது அந்தரத்தில் தொங்குகிறது. ரப்பரைத் தாண்டினாலும் சட்டத்தின் மேல் பவுடர் கோட்டிங், அதற்கு அப்பால் இன்னொரு பெயின்ட். ஆகவே ரப்பரைத் தாண்டி ஒரு பாலம் தேவை. அந்தப் பாலம்தான் எர்த் பட்டை: மெல்லிய செம்புக் கம்பிகளைச் சடை மாதிரி பின்னி, வெள்ளீயம் பூசி, இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) வைத்து அழுத்திய ஒரு துண்டு.

பாலம் இல்லையென்றால் மின்சாரம் சும்மா நின்றுவிடும் என்று தோன்றலாம். மதகை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகிற மாதிரி, அது வேறு வழி பார்க்கும். என்ஜினையும் விமான உடலையும் தொடுகிற உலோகங்கள் எத்தனையோ இருக்கின்றன. த்ராட்டில் கேபிள், மிக்சர் கேபிள், கார்புரேட்டர் ஹீட் கேபிள், ஆயில் பிரஷர் குழாய், சென்சார் ஒயர்களின் வலை உறை. எல்லாவற்றையும் விட மோசமானது, எஃகுப் பின்னல் போட்ட பெட்ரோல் ஹோஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்த் பட்டை இல்லை, த்ராட்டில் கேபிள் ஒன்றுதான் வழி, அதன் மொத்த மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் கேட்டாலும் இந்த ஒற்றையடிப் பாதையில் 80 ஆம்பியர் அளவுக்குத்தான் வரும். 80 ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்கினால் 8 வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டில் 8 கேபிளிலேயே தொலைந்துவிடுகிறது. மிச்சம் 4 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் முனகத்தான் செய்யும். தொலைந்த 8 வோல்ட் 80 ஆம்பியரோடு சேர்ந்து 640 வாட் சூடாகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் இருபத்தைந்தை ஒரே கேபிளுக்குள் செருகிவைத்த மாதிரி. உள்ளே கம்பி வழுக்கிப் போவதற்காக வைத்த பிளாஸ்டிக் உறை எத்தனை வினாடி தாங்கும்?

இதைவிட வம்பானது பாதி கெட்ட எர்த். பட்டை மாட்டித்தான் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு முனையில் களிம்பு ஏறி 0.01 ஓம் தடை வந்துவிட்டது. மின்சாரம் இரண்டு வழியாகவும் பிரியும். பட்டையில் பத்துப் பங்கு, கேபிளில் ஒரு பங்கு. 250 ஆம்பியரில் கேபிளுக்கு 23 ஆம்பியர் வரும், 50 வாட்டைக் கொஞ்சம் தாண்டும். புகையாது, வாடை வராது, என்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு காலையும் ஐந்து வினாடி இப்படி லேசாக வெந்துகொண்டே வரும் கேபிள், ஒரு நாள் பறக்கும்போது இறுகும். அப்போது விமானி கேபிளைத் திட்டுவாரே தவிர, என்ஜினின் உலோகக் கூடான கிராங்க்கேஸில் இருக்கும் ஒரு போல்ட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் விமானத்தில் இந்தப் பட்டை எங்கே, எந்தப் போல்ட்டில், எந்த அளவில் என்று வரைபடத்தில் இருக்கும். அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானங்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. அங்கே எக்ஸ்பெரிமெண்டல் பிரிவில், வேலையின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்தவர் தன் விமானத்துக்குச் சான்று வாங்கலாம். 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் ஆண்டுதோறும் திருவிழா நடத்தும் எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கியது. இந்தக் கலாசாரத்துக்கு அதுதான் தாய்வீடு. பிளானோ கிட்டோ விற்பவர் இறக்கையைப் பற்றி ரிவெட் ரிவெட்டாகச் சொல்வார். ஒயரிங் என்று வந்ததும் பெரும்பாலும் கட்டுபவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவார். சான்று கொடுக்க வருகிற அதிகாரி ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்கப் போவதில்லை. ஆக, எர்த் என்பது கட்டுபவருக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான்.

எர்த் எப்படிப் போட வேண்டும் என்பது விமானத்தின் உடல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. மரமும் துணியுமான பழைய பாணி விமானத்தில் செல்ஃபே இருக்காது, கையால் சுற்றி விடுவார்கள். அங்கே மேக்னீட்டோ (பேட்டரி இல்லாமலே பொறி தரும் கருவி) சுவிட்சைத் தாண்டி எர்த்துக்கு வேலை இல்லை. எஃகுக் குழாய் உடலில் குழாயே கடத்தி, பெயின்ட்டைச் சுரண்டுவதுதான் வேலை. ரிச்சர்ட் வான்குரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்வி வரிசை மாதிரி அலுமினிய விமானங்களில் (11,000-க்கும் மேல் பறந்துவிட்டன) உடல் முழுவதுமே நல்ல கடத்தி. ரிவெட் அடித்துச் சேர்த்த அந்த அகலமான தகட்டில் விளக்கு, பம்ப் எல்லாவற்றின் மின்சாரமும் திரும்பி வருவதில் பிரச்சினை இல்லை.

ஆனால் அந்த நல்ல கடத்தி என்ஜின் பக்கம் வரும்போது ஃபயர்வாலில் முடிகிறது. என்ஜினில் தீப்பிடித்தால் காக்பிட்டுக்குள் வராமல் தடுக்கும் தகடு அது. பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட ஏறக்குறைய 40 மடங்கு மோசமான கடத்தி. அதனால் தகட்டை நம்பாமல், அதன் ஊடே ஒரு தடித்த பித்தளை போல்ட்டைச் செலுத்துவது வழக்கம். முன்பக்கம் என்ஜினிலிருந்து வரும் பட்டை, பின்பக்கம் பேட்டரி மைனஸ் கேபிளும் மற்ற எர்த் ஒயர்களும். எல்லாம் ஒரே போல்ட்டில். மின்சாரம் பித்தளை வழியாகப் போய்விடும், தகடு வெறுமனே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அலுமினியத்தில் எர்த் போடும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு எதிரி உண்டு. அலுமினியத்தைச் சுரண்டினால் பளபளவென்று இருக்கும், ஆனால் அந்த நிமிடமே அதன் மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும். அது மின்சாரம் கடத்தாது. சுரண்டிய உடனே லக்கை வைத்து நட்டை நன்றாக முறுக்கிவிட வேண்டும். அழுத்தம்தான் படலத்தை உடைத்து உலோகத்தோடு உலோகத்தைச் சேர்க்கிறது, காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்துகிறது. வெறும் செம்பு லக்கை அலுமினியத்தின் மேல் வைத்தால் ஈரம் படும்போது இரண்டும் ஒரு குட்டி பேட்டரியாகி அலுமினியம் அரிக்கும். வெள்ளீயம் பூசிய லக் அதற்காகத்தான். பல் வைத்த வாஷர் போட்டால் போதும், பெயின்ட்டைக் கீறிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளக்குக்குச் சரி. 250 ஆம்பியரை நாலு பல்லின் நுனியிடம் ஒப்படைக்க முடியாது.

எர்த் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைக்கிற விமானம் என்றால் அது பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் வேலை பார்த்த ரூட்டான் 1975-இல் வேரி-ஈஸி, 1979-இல் அதன் பெரிய தம்பி லாங்-ஈஸி என்று இரண்டைப் பறக்கவிட்டு, பிளான் விற்றார். ஃபோமை வெட்டி அதன் மேல் ஃபைபர்கிளாஸ் துணியும் பசையும் போட்டுச் செய்யும் விமானம். வால் இருக்க வேண்டிய இடத்தில் ப்ரொப்பெல்லர், முன்னால் குட்டி இறக்கை. ஆள் இறங்கியதும் மூக்கைத் தரையில் ஊன்றி மேய்கிற மாடு மாதிரி நிற்கும்.

இதில் என்ஜின் வாலில். எடையைச் சமன் செய்ய பேட்டரியை மூக்கில் வைப்பார்கள். நடுவில் நாலு மீட்டர் ஃபைபர்கிளாஸ், அதாவது முழு மின்காப்பு. ஒரு இணுக்கு உலோகம்கூட திரும்பி வரும் மின்சாரத்துக்கு உதவாது. அதனால் பிளஸ்ஸுக்கு ஒரு கேபிள் ஓடினால் மைனஸ்ஸுக்கும் அதே தடிமனில் ஒரு கேபிள் ஓட வேண்டும். அமெரிக்க கேஜில் 2-ஆம் எண் செம்புக் கேபிள் போட்டால் போக நாலு, வர நாலு, எட்டு மீட்டரில் தடை 0.004 ஓம் வரும். 250 ஆம்பியரில் ஒரு வோல்ட் நஷ்டம். அதைவிட மெல்லிய 4-ஆம் எண் போட்டால் நஷ்டம் 1.6 வோல்ட், ஆனால் செம்பு எடையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். காலி எடையே முந்நூற்றுச் சொச்சம் கிலோ உள்ள விமானத்தில் அந்தக் கிலோவுக்குச் சண்டை போடுவார்கள். 4-ஆம் எண் கேபிள் போட்டுவிட்டு, குளிர் காலக் காலையில் என்ஜின் சுற்ற மறுக்கிறது என்று புலம்புவதும் நடக்கும். பிளான்படி முதலில் கட்டிய பலர் செல்ஃபே வைக்கவில்லை. விமானம் மூக்கை ஊன்றி நிற்க, பின்னால் நின்று கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்றி ஸ்டார்ட் செய்தார்கள்.

அந்த இரண்டு கேபிளையும் சேர்த்துக் கட்டி ஓட்டுவதா, உடலின் இரண்டு பக்கமும் தனித்தனியே ஓட்டுவதா? சேர்த்துத்தான். காரணம் மூக்கில் இருக்கும் காந்தத் திசைகாட்டி. 30 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கேபிள் 30 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. அமெரிக்காவில் திசைகாட்டியைத் திருப்புகிற பூமியின் கிடைக் காந்தப்புலமே ஏறக்குறைய அவ்வளவுதான். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கியதும் வடக்கு வேறு பக்கம் போய்விடும்! போகும் கேபிளும் வரும் கேபிளும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். அலுமினிய விமானத்தில் உடலே திரும்பும் வழி என்பதால் இந்த அழித்தல் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஃபைபர்கிளாஸ்காரர்களுக்கு யோகம்.

இதுவரை ஸ்டார்ட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அதே பட்டையில் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் என்ஜினில் போல்ட் போட்டிருப்பதால் அதன் மைனஸ் பக்கமும் கிராங்க்கேஸ்தான். களிம்பு ஏறிய அதே 0.01 ஓம் பட்டையில் 60 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் வித்தியாசம். ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருந்தால் அது தன் உடம்பை வைத்துத்தான் அளக்கும். தான் 14.2 வோல்ட் கொடுப்பதாக அது திருப்தியோடு இருக்கும், பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.6. சின்னச் சின்னப் பயணங்களில் பேட்டரி முழுதாக ஏறவே ஏறாது. புது பேட்டரி வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து அதையும் குறை சொல்வார்கள்.

மீட்டர்கள் பொய் சொல்வதும் இங்கிருந்துதான். லேண்டிங் லைட்டைப் போட்டதும் ஆயில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஆயில் சூடாகவில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் சென்சார்களுக்கு ஒரே ஒயர்தான். இன்னொரு முனை அதன் மரையே, என்ஜின் உடம்பின் வழியாக எர்த். மீட்டரின் எர்த் பேனலில். இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்கிறது என்று மீட்டர் நம்புகிறது. நடுவே பட்டையில் 0.3 வோல்ட் எழும்பினால் அந்த 0.3-ஐயும் சென்சார் சொன்னதாகச் சேர்த்துக் காட்டும். அந்த மரையில் கசிவு வராமல் இருக்க டெஃப்லான் டேப் சுற்றிவைத்து, சென்சாரின் எர்த்தைத் தானே துண்டித்துக்கொள்வதும் உண்டு. புகைக்குழாயின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இன்னும் நுட்பமான ஜீவன்: கே வகையில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 41 மைக்ரோவோல்ட். எர்த்தில் வெறும் 10 மில்லிவோல்ட் வித்தியாசம் உள்ளே புகுந்தால் 240 டிகிரிக்கு மேல் பொய்யாகக் காட்டும். நல்ல என்ஜின் மானிட்டர்கள் இரண்டு ஒயருக்கும் இடையேயான வித்தியாசத்தை மட்டும் அளந்து இதிலிருந்து தப்பிக்கின்றன. மலிவான மீட்டர்கள் தப்பிப்பதில்லை.

ஹெட்செட்டில் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் இதே குடும்பம். மைக், ஹெட்போன் ஜாக்குகளை உலோகப் பேனலில் மாட்டும்போது நடுவே ஃபைபர் வாஷர் வைத்து, உலோகத்தைத் தொடாமல் மாட்டுவார்கள். ஆடியோவின் எர்த் ரேடியோவுக்கு மட்டும் போக வேண்டும். ஐந்து பைசா வாஷர் ஒன்று உடைந்தால் ஆல்டர்னேட்டர் காதுக்குள் பாடும்.

இப்போது மேக்னீட்டோ. எர்த் பற்றிய புத்தி தலைகீழாகிற இடம் இதுதான். மேக்னீட்டோவுக்குப் பேட்டரியே வேண்டாம். என்ஜின் சுற்றும்போது காந்தம் சுற்றி, தானே பொறி உண்டாக்கும். அதை நிறுத்த ஒரே வழி, அதன் உள் சுருளை எர்த்தோடு சேர்த்துவிடுவது. ஆக, காக்பிட் சுவிட்சை ஆஃப் செய்தால் மேக்னீட்டோ எர்த் ஆகிறது. ஆன் செய்தால் எர்த்திலிருந்து விடுபடுகிறது. இந்த வேலைக்கு வரும் ஒயருக்கு பி-லீட் என்று பெயர். அது எங்காவது அறுந்தால் சுவிட்ச் ஆஃப் என்று காட்டினாலும் மேக்னீட்டோ உயிரோடு இருக்கும். ஷெட்டில் விமானத்தை நகர்த்த ப்ரொப்பெல்லரைப் பிடித்துத் தள்ளினால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு அந்த ஒரு பொறி போதும். மெதுவாகச் சுற்றினாலும் பொறி வரட்டும் என்று மேக்னீட்டோவில் வைத்திருக்கும் ஸ்பிரிங் கப்ளிங் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது.

என்ஜின் எர்த் பட்டைக்கும் இதற்கும் உள்ள உறவை எல்லோரும் யோசிப்பதில்லை. சுவிட்சின் எர்த்தை பேனலில், அதாவது விமான உடலில் போட்டிருந்தால், மேக்னீட்டோவை ஆஃப் செய்யும் மின்சாரம் உடல் வழியாக, எர்த் பட்டை வழியாகத்தான் என்ஜினுக்குத் திரும்ப வேண்டும். அலுமினிய விமானத்தில் பட்டை போனாலும் த்ராட்டில் கேபிள் எப்படியாவது சமாளிக்கலாம். ஃபைபர்கிளாஸ் விமானத்தில் பட்டை கழன்றால் ஆஃப் சுவிட்ச் வெறும் அலங்காரம். அதனால் கவனமாகக் கட்டுகிறவர்கள் பி-லீட்டுக்கு வலை உறை போட்ட ஒயரைப் பயன்படுத்தி, அந்த உறையையே திரும்பும் வழியாக வைக்கிறார்கள். உறையின் என்ஜின் முனை மேக்னீட்டோவின் உடலில், மறுமுனை சுவிட்சின் எர்த் முனையில். சுவிட்ச் விமான உடலைத் தொடாது. எர்த் பட்டை என்ன ஆனாலும் ஆஃப் என்றால் ஆஃப். கூடவே, பி-லீட்டின் பொறி இரைச்சல் ரேடியோவுக்குள் நுழைவதும் குறையும். இரண்டு மாங்காய்.

எலக்ட்ரானிக் இக்னிஷனும் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் வைத்தவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அவர்களுக்கு எர்த் போனால் என்ஜின் நிற்கும். கார் என்ஜினை மாற்றி விமானத்தில் வைக்கிறவர்கள் கம்ப்யூட்டரின் எர்த்தையும் ஸ்டார்ட்டரின் எர்த்தையும் ஒரே கெட்டுப்போன போல்ட்டில் தொங்கவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சரி, எர்த் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, ஒரு கம்பியை என்ஜினிலும் மற்றதை பேட்டரியிலும் வைத்து, பீப் சத்தம் கேட்டதும் திருப்தியாக எழுந்து போவது வழக்கம். அந்தச் சோதனையால் பயனில்லை. மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையே 0.2 ஓம் இருக்கும். நாம் தேடுவது 0.001-க்கும் 0.01-க்கும் உள்ள வித்தியாசம். மூட்டை தூக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போல.

ஓட விட்டு அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் வால்வை மூடி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மேக்னீட்டோ ஆஃபில், ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் இல்லாமல் ஒருவர் உள்ளிருந்து செல்ஃப் அடிக்க, வெளியே இருப்பவர் மீட்டரை வோல்ட்டில் வைத்துப் பார்க்கிறார். கறுப்புக் கம்பி பேட்டரியின் மைனஸ் கொம்பில், கிளாம்ப்பில் அல்ல. சிவப்புக் கம்பி கிராங்க்கேஸில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். பேட்டரி ஃபயர்வாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விமானத்தில் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது. பிறகு கறுப்புக் கம்பியை கிளாம்ப்புக்கு, ஃபயர்வால் போல்ட்டுக்கு, பட்டையின் லக்குக்கு என்று ஒவ்வொரு படியாக நகர்த்தினால் எந்த இடத்தில் வோல்ட் திடீரென்று விழுகிறதோ அங்கே கள்ளன்.

செல்ஃப் அடிக்க மனமில்லை என்றால் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். அதை பேட்டரி பிளஸ்ஸுக்கும் என்ஜின் உடலுக்கும் நடுவே ஒரு ஃப்யூஸோடு மாட்டினால் நாலரை ஆம்பியர் எர்த் பட்டை வழியாகத் திரும்பும். மீட்டர் மில்லிவோல்ட்டில். 4 அல்லது 5 காட்டினால் 0.001 ஓம், 45 காட்டினால் 0.01. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பழுதுபார்ப்பு வழிகாட்டி உலோகப் பாகங்களைச் சேர்க்கும் பாண்டிங் பட்டைக்கு 0.003 ஓம் வரம்பு சொல்கிறது. ஸ்டார்ட்டரின் மின்சாரத்துக்கு அதையும் விடக் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது, 0.003-இலேயே முக்கால் வோல்ட் போய்விடும்.

பட்டையை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சின்னக் கவனம். கிராங்க்கேஸிலோ அதோடு உலோகமாகச் சேர்ந்த பாகத்திலோ மாட்ட வேண்டும். என்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தில் மாட்டினால் ரப்பருக்குத் தப்பான பக்கத்தில் மாட்டியதாகும். அப்படி மாட்டி, பட்டை இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. நீளம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், என்ஜின் நிற்கும்போது ஆடுகிற ஆட்டத்தில் இழுபடக் கூடாது. கட்டியான ஒற்றைக் கம்பி ஒரு வருஷத்தில் அலுத்து முறியும். பின்னல் பட்டையும் முறியத்தான் செய்யும், ஆனால் இழை இழையாக, சொல்லிவிட்டு முறியும். லக் முடிகிற இடத்தில், பின்னல் வளையத் தொடங்கும் முதல் ஒரு சென்டிமீட்டரில் பாருங்கள். அங்கேதான் இழைகள் முள்ளம்பன்றி மாதிரி எழும்பி நிற்கும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்தே ஆக வேண்டிய ஆய்வில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. என்னைக் கேட்டால் இரண்டு பட்டை, வேறு வேறு போல்ட்டில். ஒன்று அறுந்தாலும் மற்றது வேலை செய்யும், த்ராட்டில் கேபிள் வேலைக்கு வராது.

முதலில் சொன்ன ஷெட்டுக்குத் திரும்பினால், அவர் இப்போது பட்டையை ஒழுங்காக மாட்டிவிட்டார், ப்ரொப்பெல்லர் விறுவிறுவென்று சுற்றுகிறது. அந்த த்ராட்டில் கேபிளைக் கழற்றி எறிய வேண்டும். வெளியே பார்க்கப் பழுதில்லாமல் இருக்கும், கையால் இழுத்தால் நகரவும் செய்யும். உள்ளே உருகி மறுபடி இறுகிய உறை, என்ஜின் அறையின் சூட்டில் எப்போது பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அப்புறம் அந்தப் பெட்ரோல் ஹோஸ். பின்னலுக்கு அடியில் ரப்பர் எவ்வளவு சூடு கண்டது என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் அதையும் மாற்ற வேண்டும்.